குதிரை முடி என்று சொல்லி வாங்கிய பிரஷ்

போன வாரம் காலை நடை முடிந்து மைதானத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நம் கூட்டத்து ஆண்கள் மூன்று பேர் சவர பிரஷ்ஷுக்காகச் சண்டை போட்டுக்கொண்டது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஓய்வு பெற்ற பாங்க் மேனேஜர் பேரனிடம் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஒரு பிரஷ் வரவழைத்திருந்தார். பேட்ஜர் என்று ஏதோ ஒரு மிருகத்தின் முடியாம். அச்சாபீஸ்காரர் அதெல்லாம் ஏமாற்று வேலை, பன்றி முடிதான் பழகப் பழகப் பதம் கொடுக்கும் என்றார். மூன்றாமவர் இந்தக் காலத்துச் செயற்கை இழைக்கு முன்னால் எந்த மிருகமும் நிற்காது என்று சத்தியம் செய்தார். தலையில் நாலு முடி இல்லாதவர்கள் முடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே என்று நாம் சிரித்தோம். மறுநாள் மூவரும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வந்து, பெண்கள்தான் பட்சபாதம் இல்லாமல் தீர்ப்புச் சொல்வார்கள் என்று நம் புறங்கையில் தடவிக் காட்டினார்கள். முதல் இரண்டுக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்த நான் மூன்றாவது பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "டீச்சருக்கு இந்த வயசிலும் கூச்சம்" என்று கேலி செய்தீர்கள்.

கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வழவழப்பு எனக்குத் தெரியும். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்வதில் என்ன வந்தது, நாம் எல்லோரும் ஒரு வயசுக்காரர்கள்தானே.

நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த சமயம். திருத்தங்கலில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் போர்மேன் வேலை. மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து இல்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் அளவாகச் சேர்த்து, சல்லடையில் சலித்துக் கலப்பார்களே, அது. வெயில் ஏறினால் மருந்து முரண்டு பிடிக்கும் என்று விடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்று மற்ற வீடுகளில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் வெந்துவிடும். "அடுப்பைப் பத்த வை" என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை, "அடுப்பைக் கவனி" என்றுதான் சொல்வாள்.

அப்பா தினமும் சவரம் செய்வார். அழகு பார்க்க அல்ல. ஒரு நாள் தாடி இருந்தால்கூட மருந்துப் பொடி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது அவர் கழுத்து மடிப்பிலும் காதோரத்திலும் வெள்ளி பூசிய மாதிரி அலுமினியம் மினுங்கும், அதை ஒரு அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் இருட்டுப் பிரியும்போது கிணற்றடியில் உட்கார்ந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷை ஊறப் போடுவார். மரக் கைப்பிடி, பன்றி முடி, அடியில் நூல் சுற்றி அரக்கு வைத்தது. ஊறிய பிரஷ் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் வரும். வட்டச் சோப்பில் அதைச் சுழற்றினால் முதலில் பெரிய பெரிய குமிழி, பிறகு சின்னக் குமிழி, கடைசியில் குமிழியே தெரியாத தயிர் மாதிரி ஒரு நுரை. "பிரஷ்ஷுன்னா தண்ணிய வாங்கி வச்சுக்கிடணும், கேக்கும்போது கொடுக்கணும்" என்பார். கடைக்காரன் பிரஷ்ஷை முகத்தில் தேய்த்துக் காட்டினால் நம்பக் கூடாதாம். உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும், முடி மடங்கிக் கொடுக்க வேண்டும், கையை எடுத்ததும் தானாக நிமிர வேண்டும். இதையெல்லாம் யாருக்கும் பாடமாகச் சொன்னதில்லை, கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொள்வதுதான்.

எங்கள் தெருவில் மருந்து வேலைக்காரர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முகத்துக்கு ஆகாத பிரஷ் சல்லடைக்கு ஆகும். மருந்து சலித்து முடிந்ததும் கம்பிக் கண்ணில் ஒட்டியிருக்கும் பொடியைத் துளிக்கூட உரசாமல் தள்ளிவிட வேண்டும். கம்பெனியில் வாங்கிக் கொடுக்கும் பிரஷ் விறைப்பாக இருக்கும். வருஷக் கணக்கில் வெந்நீரில் ஊறி நொந்துபோன சவர பிரஷ்தான் அதற்குப் பதம். ஆகவே யார் வீட்டில் புதுப் பிரஷ் வாங்கினாலும் பழையது மருந்து ரூமுக்குப் போய்விடும். அந்த வருஷம் தீபாவளிச் சீசன் நெருக்கத்தில், "சல்லடை பிரஷ்ல முடி கொட்டிப்போச்சு, நம்ம பழசைக் கொண்டு போகணும்" என்று அப்பா இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டிருந்தார். சரி, புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அம்மா கிளம்பினாள்.

கிளம்பிய மாதம்தான் வினை. புரட்டாசி. அம்மா பெருமாளுக்கு விரதம் இருப்பாள், வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வரக் கூடாது. பழைய பன்றி முடிப் பிரஷ்ஷையே அந்த மாதம் முழுவதும் கிணற்றடி மாடத்தில் வைத்துவிடுவாள். பழசு மட்டும் என்ன தர்ப்பைப் புல்லா என்று நான் கேட்டதற்கு, "அது பழகினது, வாயை மூடு" என்றாள்.

சிவகாசி பஜாரில் சீப்பு, பவுடர், பிளேடு, வளையல் எல்லாம் விற்கும் ஒரு பாய் கடை இருந்தது. பாய் எங்களைக் கண்டதும், "வாங்க தங்கச்சி, போர்மேன் சௌக்கியமா இருக்காகளா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிரஷ் என்றதும் மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை, விரல் படாமல் ஒரு தாளால் பிடித்து இறக்கி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது நம்ம கூட்டாளி வாங்கிப் போட்டது. பன்னி முடி. விக்கிறதோட சரி, நான் தொடறதில்ல. நீங்களே எடுத்துப் பாருங்க."

"நானும் இந்த மாசம் தொட மாட்டேண்ணே" என்றாள் அம்மா. "குதிரை முடி இருந்தா கொடுங்க."

"குதிரை முடி ஆர்டர் போட்டு வரணும் தங்கச்சி. தீவாளி கழிஞ்சிரும்."

தொட முடியாத இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி கிடந்தது. பிறகு பாய் கண்ணாடி அலமாரியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். தந்தம் மாதிரி வெள்ளைக் கைப்பிடி, வெள்ளை முடி, நுனியில் மட்டும் கறுப்பு. பார்த்தால் ஏதோ ராஜா வீட்டுச் சாமான் போல இருந்தது. அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு கன்னத்தில் அதை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பாய் மரியாதையாகத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பட்டு மாதிரி இருக்கே. இது என்ன முடி?"

"முடி இல்ல. நைலான். ஆனா குதிரை முடிக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது, பாத்துக்கோங்க."

பாய் ஒளிக்காமல்தான் சொன்னார். நைலான் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தும் என்பது அவருக்குத் தெரியாது. அம்மாவிடம் ஒரே ஒரு நைலக்ஸ் சேலை இருந்தது, அதுவும் நைலான்தான், தாய்மாமன் எடுத்துக் கொடுத்தது. காற்றில் ஈரம் இல்லாத நாட்களில் விளக்கில்லாத அறையில் அவள் அதை அவிழ்க்கும்போது சடசடவென்று நீலப் பொறி பறக்கும். நான் கை தட்டுவேன். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அந்தப் பொறியில் ஒன்று மருந்து ரூமில் விழுந்தால் ரூமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கம்பெனிக்குள் நைலான் துணியோடு யாரும் நுழையக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். முந்தின வருஷம் நைலான் சட்டை போட்டு வந்த ஒருவரை, மூன்று பிள்ளைக்காரர் என்றும் பாராமல் அப்பாவே கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்.

அம்மா பிரஷ்ஷைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முகத்துக்குத்தானே போடப் போறாக. மருந்து ரூமுக்கா போகப் போகுது?" என்று என்னிடமே கேட்டாள். வெளியே வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்து, "அப்பா கேட்டா குதிரை முடி. சரியா?" என்றாள். நைலான் என்றால் தொடக்கூட மாட்டார், ஆசையாக வாங்கியது வீணாகிவிடும், வேறு ஒன்றும் இல்லை. அவ்வளவு சின்னப் பொய்.

மறுநாள் காலையில் புதுப் பிரஷ் அரங்கேறியது. அப்பா ஊறப் போட்டார். எடுத்த வேகத்தில் அது குடித்த தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு விறைத்து நின்றது. சோப்பில் எவ்வளவு சுழற்றினாலும் பெரிய குமிழியைத் தாண்டி வரவில்லை. முகத்தில் போட்ட நுரை நிற்காமல் தாடையிலிருந்து பனியனில் சொட்டியது. அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக? எப்படி இருக்கு?"

"பரவாயில்ல." உள்ளங்கையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "என்ன முடி?"

"குதிரை முடின்னாரு பாய்."

அப்பா கையில் இருந்த பிரஷ்ஷையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அதோடு சரி. அந்த வாரம் முழுவதும் தாடையில் இரண்டு மூன்று வெட்டுக் காயத்தோடுதான் வேலைக்குப் போனார். நல்ல நுரை இல்லாவிட்டால் பிளேடு கடிக்கும். கேட்டதற்குப் பிளேடு சரியில்லை என்றார்.

அந்த வாரக் கடைசியில் புரட்டாசிச் சனிக்கிழமை. சீசன் என்பதால் அப்பாவுக்கு வேலை உண்டு, இருட்டோடு போய்விட்டார். மழை இன்னும் பிடிக்கவில்லை, வறண்ட காற்று. உதடு வெடித்தது, தலைமுடி சீப்போடு எழுந்து வந்தது. அம்மா குளித்து, அந்த நைலக்ஸ் சேலையைக் கட்டி, எனக்குச் சீட்டிப் பாவாடை சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, மலைமேல் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினாள். துளசி பறிக்கக் கிணற்றடிக்குப் போனவள் போன இடத்திலேயே நின்றுவிட்டாள்.

நான் போய்ப் பார்த்தேன். மாடத்தில் பழைய பிரஷ் இருந்தது. ஈரமாக, முடியில் சோப்பு நுரை இன்னும் காயாமல். புதுப் பிரஷ்ஷைக் காணோம்.

அம்மா சோப்புக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள், கல்லுக்கு அடியில் பார்த்தாள், அப்பாவின் துண்டை உதறினாள். இல்லை. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. முகத்துக்கு ஆகாதது சல்லடைக்கு. குதிரை முடி என்று இவள் சொன்னதை நம்பி அப்பா அதை மருந்து ரூமுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"சலிச்சு முடிச்சுத்தானே பிரஷ்ஷை எடுப்பாக? முடிச்சுத்தானே?" என்று அம்மா கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், வீட்டைப் பூட்டக்கூட இல்லை.

சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெம்பக்கோட்டை ரோட்டில் இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். துளசி மாலையோடு ஏறிய ஒரு அம்மாள், "கோயிலுக்கா?" என்று கேட்டாள், சேலையைப் பார்த்துவிட்டு. அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பஸ் நகர்ந்த பிறகு அவள் என்னையும் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. கம்பெனி இருக்கும் திசையில் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். உங்களில் சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். எங்கே புகை எழும்புகிறது என்று பார்க்கிற பார்வை.

பாதி வழியில் தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்டக்டர்தான் சொன்னார். "கல்குவாரி வேட்டுத்தான். ஒண்ணுமில்ல. டிக்கெட், டிக்கெட்." எல்லோரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் பல்லைக் கடித்தபடி அழுதாள், சத்தம் வராமல்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். உள்ளே பெட்டி ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றது. கேட்டுக்குள் மணல் பாதை, வேப்ப மரங்கள், மரத்துக்கு மரம் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமுக்கு ஏதாவது ஆனால் அடுத்தது தப்பட்டும் என்று அப்படிக் கட்டியிருப்பார்கள். அம்மா கேட்டில் கையை வைத்தாள். வாட்ச்மேன் எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"தாயி, நீங்க போர்மேன் சம்சாரம்தான். ஆனா இந்தச் சேலையோட உள்ள விட மாட்டேன். அவுக வச்ச சட்டம்."

"அப்ப அவுகளைக் கூப்பிடுங்க அண்ணாச்சி. உடனே."

"லோடு ஏறுது, கேட்டை விட்டு அசைய முடியாது. யாராச்சும் வந்தா சொல்லி விடுறேன், செத்த இருங்க. அப்படி என்ன அவசரம்?"

அம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தைத்தான் நான் மனசுக்குள் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். மருந்து ரூமில் நைலான் இருக்கிறது என்று அவள் ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். மணி அடித்திருப்பார்கள், அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். ஆனால் நைலான் சட்டைக்காரரை வீட்டுக்கு அனுப்பிய போர்மேனே நைலானோடு உள்ளே போனார் என்று ஆகிவிடும். அப்பாவின் வேலை போகும், அதைவிட அவர் மானம் போகும், அதுவும் பெண்டாட்டி சொன்ன பொய்யால். லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். பருத்தி.

"பாப்பா போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரட்டும் அண்ணாச்சி. வீட்டு விசயம்."

என் வயசுப் பிள்ளைகள் உள்ளே வேலை பார்த்த காலம் அது. அவர் பெரிதாக யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கொலுசை அம்மாவே கழற்றினாள். வளையல், சட்டைப் பின், எல்லாம் பார்த்தார். "உள்ள ஓடக் கூடாது தாயி. காலை உரசாம மெல்ல நடக்கணும்" என்றார்.

அம்மா என் காதுக்குள் சொன்னாள். "அப்பா காதுல மட்டும் சொல்லு. அது குதிரை முடி இல்ல, நைலான். அம்மா பொய் சொல்லிட்டா. வேற யாருக்கும் கேக்கக் கூடாது. காதுல."

நடந்தேன். ஓட வேண்டும் என்று கால் துடிக்கிறது, ஓடக் கூடாது. மணல் சுட ஆரம்பித்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "போர்மேன் பிள்ளை. ஏத்தா, எங்க போற?" என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொரு ரூம் வாசலிலும் சிவப்பு வாளியில் மண்ணும் தொட்டியில் தண்ணீரும் இருந்தன. கந்தக வாடை மூக்கில் ஏறிக்கொண்டே வந்தது. மருந்து ரூம் எல்லாவற்றையும் தாண்டித் தனியாக இருந்தது. அடுத்த அடி வைப்பதற்குள் சத்தம் கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தேன். பயம் என்றால் அப்படியொரு பயம், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

நாலு பக்கமும் வாசல் உள்ள ரூம். நடுவில் ரப்பர் விரிப்பில் மருந்து குவிந்திருந்தது, சாம்பல் நிறத்தில், பார்க்க மாவு மாதிரி. இரண்டு பேர் சல்லடையைப் பிடித்திருந்தார்கள். அப்பா முழங்கை வரை வெள்ளியாக நின்றார். நான் வாசல்படிக்கு வந்ததை முதலில் அவர்தான் பார்த்தார். அவர் கண் என் முகத்துக்கு வந்து, முகத்திலிருந்து மேலே போய், அங்கேயே நின்றது.

"அசையாத" என்றார். கத்தவில்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"அங்கனயே சொல்லு."

"காதுலதான் சொல்லணும். அம்மா காதுலதான் சொல்லச் சொன்னா." ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"தாயி!" அவர் குரல் உடைந்தது. "அப்பா சொல்றேன்ல. கல்லு மாதிரி நில்லு. தலையைத் தொடாத. கையைக் கீழ வை."

சல்லடைக்காரர்களிடம் கண்ணாலேயே சொன்னார். அவர்கள் சல்லடையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு எதிர் வாசல் வழியே போனார்கள். போகும்போது ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான், ஆபத்து அப்பாவிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. அப்பா பக்கத்து வாசல் வழியே இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். தூரத்துத் தொட்டியில் கையை முழங்கை வரை கழுவினார், முகத்தைக் கழுவினார், சட்டையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பிறகு ஒரு வாளித் தண்ணீரோடு என் பின்னால் வந்து, மெல்லப் பின்வாங்கி வரச் சொன்னார். பின்பக்கமாகவே நடந்தேன். வேப்ப மரத்தடி வரை போனதும் மொத்தத் தண்ணீரையும் என் தலையில் கொட்டினார். மூச்சு முட்டியது. இன்னொரு வாளி. இன்னொன்று. அதற்குப் பிறகுதான் என் சடையைத் தொட்டு ரிப்பனை அவிழ்த்தார்.

சிவப்பு நைலான் ரிப்பன். பாவாடையைத் தொட்டுப் பார்த்த அம்மாவும் பார்க்கவில்லை, வளையலைப் பார்த்த வாட்ச்மேனும் பார்க்கவில்லை. அந்த வறண்ட காற்றில் சீப்போடு எழுந்த தலைமுடியில் அதைக் கட்டிக்கொண்டு மருந்துக்கு நேரே நடந்து வந்திருக்கிறேன்.

அப்பா மண்டியிட்டுக் காதைக் கொடுத்தார். நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். அப்போதும் வேகமாக நடக்கவில்லை.

அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகத்தில் உயிர் வந்தது. "பிரஷ் எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்பா ரோட்டுக்கு எதிரே டீக்கடையைக் காட்டினார்.

"அங்கன கொடுத்து வச்சிருக்கேன். சாயந்தரம் பாய் கடையில மாத்தி, குதிரை முடிக்குச் சொல்லி வைக்கலாம்னு எடுத்தாந்தேன்."

"நைலான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தண்ணிய வாங்கலையே. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"ஆசையா வாங்கியாந்த. விரதம் வேற. சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு…"

அப்பா உள்ளங்கையை விரித்தார். ஈர ரிப்பன் இரண்டும் சுருண்டு கிடந்தன. அம்மா அதைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. புரிந்ததும் பாய்ந்து வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். "ஏன்டி இதைக் கழட்டல? ஏன்டி?" அடுத்த அறைக்கு ஓங்கிய கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"அவளை அடிக்காத. அடி வாங்க வேண்டியவுக நாம ரெண்டு பேரும்."

அம்மா புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இன்று என் மருமகளுக்கு இருக்கிற வயசைவிடக் குறைவு. இது தெரிந்தும் எனக்கு அவள்மேல் கோபம் போகவில்லை, ஒளிப்பானேன். அப்பாமேலும்தான். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர் மறைத்து, இவர் மறைத்ததை அவர் தெரிந்துகொள்ளாமல், இரண்டு பேருடைய அன்புக்கும் நடுவில் நான் மருந்து ரூம் வரை நடந்துவிட்டு வந்தேன். இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்திருந்தால் அது வெறும் பிரஷ்.

"நான் போகணும்" என்றார் அப்பா. "மருந்து பாதியில கிடக்கு." தோளில் கிடந்த பருத்தித் துண்டைப் பிழிந்து அம்மாவிடம் கொடுத்தார், நைலக்ஸ் முந்தானை ஈரத்தை வாங்காது என்று. பிறகு திரும்பி மணல் பாதையில் நடந்து, மரங்களுக்கு நடுவே மறைந்துபோனார்.

அம்மா வீட்டுக்குக் கிளம்பவில்லை. வீடு பூட்டாமல் கிடந்தது, கோயிலுக்குப் போகவில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளிய மரத்தடியில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, கம்பெனியைப் பார்த்தபடி என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சாயந்தரம் சங்கு ஊதி அப்பா வெளியே வரும்வரை அப்படியே இருந்தாள். அந்த வெயிலுக்கு என் தலை எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை.